சிறு இயந்திரப் படகில் துடுப்பு: கேள்வி பதில்

வெள்ளவத்தை வாசகர்: பொல்கொட ஏரியில் 14 அடி கண்ணாடியிழைப் படகு ஓட்டுகிறேன். துடுப்பு களவு போகாமல் முன்னறைக்குள் பூட்டி வைக்கிறேன். சரிதானே ஐயா?

பதில்: கரையில் சரி, தண்ணீரில் தவறு. எஞ்சின் நிற்கும் நேரம் பார்த்துத்தான் திறப்பு ஒளிந்துகொள்ளும். எஞ்சின் கைபிடியை விடாமலே மறுகையால் எட்டக்கூடிய இடம் வேண்டும். உட்பக்கச் சுவரில், மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே நெடுக்காகப் படுக்க வையுங்கள். பீ.வீ.சீ. குழாயில் இரண்டு துண்டு வெட்டி நெடுக்காகப் பிளந்தால் தாங்கிகள் தயார். அவற்றைத் திருகாணியால் பூட்டாதீர்கள். படகுச் சுவர் ஓட்டையாகும். எபொக்சிப் பசையால் ஒட்டுங்கள். மேலே பழைய சைக்கிள் ரியூப்பில் வெட்டிய பட்டி, ஒரே இழுப்பில் கழலும்படி. வெயிலில் றப்பர் வெடிக்கும். வெடிப்புத் தெரிந்ததும் மாற்றிவிடுங்கள். அகன்ற முனை பின்பக்கம் பார்த்து, சுவரோடு ஒட்டிக் கிடக்கட்டும். விளிம்புக்கு மேல் துருத்தினால் வேகத்தில் காற்று அதைத் தூக்கிவிடும்.

மட்டக்குளி வாசகர்: களனி ஆற்று முகத்துவாரத்தில் எஞ்சின் நின்றால் ஒரு துடுப்பு போதுமா அண்ணா?

பதில்: இருவர் போனால் இரண்டு கொண்டுபோங்கள் தம்பி. தனி ஆள் பின்னால் இருந்து ஒரு பக்கமாக வலித்தால் படகு வட்டமடிக்கும். அணியத்தில், அதாவது படகின் முன்முனையில் மண்டியிட்டு, முன்னே துடுப்பை ஊன்றித் தன்பக்கம் இழுக்க வேண்டும். எஞ்சினை நேராக்கி நீருக்குள்ளேயே விடுங்கள். படகு நேராகப் போகும். ஆழம் குறைந்தால் மட்டும் தூக்குங்கள். ஆறு பெருகியிருந்தால் நீரோட்டத்தை எதிர்க்கவே வேண்டாம். முதலில் நங்கூரம் போடுங்கள். நங்கூரம் பிடிக்காவிட்டால் குறுக்கே வலித்துப் பக்கத்துக் கரையைப் பிடியுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை, தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில், முகத்துவாரத்து அலையில் துடுப்பை நம்பி இறங்குவது வீண் துணிச்சல்.

கொட்டாஞ்சேனை வாசகர்: நீட்டிச் சுருக்கும் அலுமினியத் துடுப்பு நல்லதா?

பதில்: இடம் மிச்சம். ஆனால் உப்பும் மணலும் புகுந்தால் நீளத்தைப் பூட்டும் பொத்தான் இறுகிவிடும். நன்னீரில் கழுவி, கழற்றி உலர்த்துங்கள். மிதக்கிறதா என்று கரையோரத்தில் ஒருமுறை போட்டும் பாருங்கள். என் விருப்பம் வார்னிஷ் பூசிய மரத்துடுப்புதான்.

தெஹிவளை வாசகி: நீளத்தை எப்படி அளப்பது?

பதில்: படகில் உட்கார்ந்து அளந்து பாருங்கள் தங்கச்சி. வெளியே சரியாமல் வலிக்கும்போது அகன்ற முனை முழுவதும் மூழ்க வேண்டும்.

அதே வாசகி: துடுப்பைப் படகின் தரையில் பெற்றோல் தாங்கிக்குப் பக்கத்தில் போடலாமா?

பதில்: வேண்டாம். காலடியில் உருளும், எரிபொருள் குழாயையும் நசுக்கும்.