சத்ரிகளும் பள்ளிப்படைகளும்

ஐயா, ஜோத்பூரில் ஜஸ்வந்த் தடாவையும் ஓர்ச்சாவில் பெத்வா நதிக்கரைச் சத்ரிகளையும் பார்த்துத் திரும்பினேன். தமிழ் மன்னர்களுக்கு மட்டும் ஏன் ஒரு நினைவு மண்டபமும் இல்லை? சத்ரிகளின் கட்டடக்கலையைப் பற்றி எழுதுவீர்களா? கொழும்புக் கோட்டையில் வேலை செய்கிறேன். உங்களை ரயிலில்தான் வாசிக்கிறேன்.
வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள தங்கைக்கு,

சில காலமாக இதே விடயம் என் மனதிலும் ஓடிக்கொண்டிருந்ததால் உடனே எழுதுகிறேன். சத்ரி என்பது பெரும்பாலும் அரசரை எரியூட்டிய இடத்தில் தூண்களும் குவிமாடமுமாக எழுப்பப்படுவது. நீங்கள் கண்ட ஜஸ்வந்த் தடா மிகப் பிந்தியது. சர்தார் சிங் தம் தந்தைக்காக 1899இல் வெண்பளிங்கில் கட்டுவித்தது. மிச்சத்தை அங்குள்ள வழிகாட்டிகளே சொல்லியிருப்பார்கள்.

"ஒரு நினைவு மண்டபமும் இல்லை" என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? சோழர்கள் இறந்த அரசருக்காகச் சிவலிங்கம் நிறுவிக் கோவிலே எழுப்பினார்கள், அதுதான் பள்ளிப்படை. காளத்திக்கு அருகே ஆதித்தனுக்கு மகன் பராந்தகன் கட்டினான். பட்டீசுவரத்துக்கு அருகே பஞ்சவன்மாதேவிக்கு, தன்னைப் பெறாத அந்தத் தாய்க்கு, முதலாம் இராஜேந்திரன் கட்டினான். மேல்பாடியில், சொற்ப காலமே ஆண்ட பாட்டன் அரிஞ்சயனுக்கு முதலாம் இராஜராஜன் கட்டினான். தஞ்சையில் வானளாவ விமானம் எழுப்பியவன் பாட்டனுக்கு அடக்கமான கோவிலே போதுமென்று நினைத்தான் என்பதை நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. பூசை நடக்கும் இடமென்பதால் நாம் கும்பிட்டுத் திருநீறு பூசிக்கொண்டு வந்துவிடுகிறோம். அது யாருக்காக எழுந்ததென்று சுவரிலுள்ள கல்வெட்டு சொல்வதைக் கேட்க நிற்பதில்லை. நினைவுச்சின்னம் இல்லாததல்ல, பார்க்கத் தெரியாததே நம் குறை.

மேல்பாடி இருப்பது வேலூர் மாவட்டத்தில். வைத்தியத்துக்கு வேலூர் போகாத கொழும்புத் தமிழ்க் குடும்பம் அரிது. நானும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன்; பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்த ஒரு பிற்பகலில் பாலாற்றங்கரை முத்து மண்டபத்துக்குப் போனோம். கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815இல் பிடிபட்டு, மறு ஆண்டு நாடுகடத்தப்பட்டு, வேலூரிலேயே 1832இல் இறந்தார். அவருடைய கல்லறைக்கு மேல் தமிழ்நாட்டு அரசு 1990இல் எழுப்பிய மண்டபம் அது. மகனோ பேரனோ கட்டியதல்ல. அம்மா யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். "எங்கட ராசா" என்றார். அவருக்கு வரலாறு தெரியாது.

அதே மன்னரை அடைத்துவைத்த அறை என்று காட்டப்படும் சிறு கட்டடம் நீங்கள் வேலை செய்யும் கொழும்புக் கோட்டையிலேயே இருக்கிறது. ஜோத்பூர் வரை போன உங்களுக்கு, மதிய இடைவேளையில் அங்கே நடந்து போகவா நேரமில்லை? போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள். சத்ரியைப் பற்றிப் பிறகு பேசலாம்.