தீபாவளி சொல்லாமலா வருகிறது?

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கிறேன். சம்பளம் 32,000. மனைவி வீட்டில் தைத்து 6,000 சம்பாதிக்கிறாள். கிரெடிட் கார்டில் 80,000 பாக்கி. மாதம் 4,000 கட்டியும் குறையவே மாட்டேன் என்கிறது. போன ஜூனில் ஸ்கூல் ஃபீஸுக்காக 50,000 மூணு வட்டிக்கு வாங்கினேன். வங்கியில் 1,20,000-க்கு நகை அடகில் இருக்கிறது. குடும்ப பட்ஜெட் போடச் சொல்லி எழுதியிருந்தீர்கள். வருவதெல்லாம் கடனுக்கே போகும்போது எழுதி என்ன ஆகப்போகிறது? தீபாவளி போனஸ் 25,000 வரும். நகையைத் திருப்பலாம் என்கிறாள் மனைவி. கார்டு விஷயம் அவளுக்குத் தெரியாது.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் சலிப்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும் என்கிறேன். உங்கள் கடிதத்தில் உள்ள எண்களையே ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன்.

கார்டு வட்டி மாதம் மூன்றரை சதவிகிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள் (உங்கள் ஸ்டேட்மென்டில் சரியான எண் இருக்கும்). 80,000-க்கு வட்டி 2,800. அந்த வட்டிக்கு 18 சதவிகிதம் ஜிஎஸ்டி, 504. நீங்கள் கட்டும் 4,000-ல் அசலுக்குப் போய்ச் சேர்வது வெறும் 696 ரூபாய். பாக்கி வைத்திருக்கும்போது அதே கார்டைத் தேய்த்தால் புதிதாக வாங்கும் பொருளுக்கும் அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். குறையாததற்குக் காரணம் இதுதான். உங்கள் உழைப்பில் எந்தக் குறையும் இல்லை.

இப்போது போனஸ். 25,000-ஐக் கார்டில் கட்டினால், ஜிஎஸ்டியோடு சேர்த்து மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் வட்டி மிச்சம். வங்கி நகைக்கடன் வருடத்துக்குப் பத்து சதவிகிதம் என்றால், அதே பணத்தை அங்கே கட்டி மிச்சமாவது மாதம் 208 ரூபாய். கழுத்தில் கிடந்த நகை பெட்டகத்தில் கிடப்பது எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும், எங்கள் வீட்டிலும் கிடந்தது. இருந்தாலும் முதலில் கார்டு, அடுத்து மூணு வட்டி, கடைசியில்தான் நகை. வங்கி சொன்ன தேதியில் வட்டியைக் கட்டி மறு அடகு வைக்க மட்டும் தவறாதீர்கள், விட்டால் ஏலம். மீதிக் கார்டு பாக்கியைக் குறைந்த வட்டியில் தவணையாக மாற்றித் தர முடியுமா என்று வங்கியில் கேளுங்கள். கார்டை இனித் தொடாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வார்த்தை ‘ஜூன்’. நான் கணக்கு எழுதத் தொடங்கிய மூன்றாம் வருடம் பழைய நோட்டுகளைப் புரட்டினேன். மூன்று வருடமும் ஐப்பசி பிறக்கும்போது 10,000, 15,000 என்று கடன் வாங்கியிருந்தேன். ஒவ்வொரு முறையும் ‘திடீர்ச் செலவு’ என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். தீபாவளி என்ன சொல்லாமலா வருகிறது? அன்று நெடுநேரம் அந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்கூல் ஃபீஸ், தீபாவளித் துணி, வைகாசியிலும் ஆவணியிலும் வரிசையாக வரும் கல்யாண மொய், வண்டி இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுங்கள். வருடத்துக்கு 60,000 என்றால் மாதம் 5,000. இன்றைக்கு உங்களால் அவ்வளவு எடுத்து வைக்க முடியாது. 1,000-ல் தொடங்குங்கள். போனஸால் மிச்சமாகும் வட்டியே அந்த ஆயிரம். தீபாவளியிலிருந்து எட்டு மாதம் சேர்த்து, அடுத்த ஜூனில் 50,000-க்குப் பதில் 42,000 வாங்கினால் போதும் என்றால்கூட, மூணு வட்டியில் வருடத்துக்கு 2,880 ரூபாய் உங்கள் வீட்டிலேயே தங்கும்.

அரிசி, பருப்பு, பால் கணக்கில் அதிகம் கைவைக்காதீர்கள். அங்கே பிடிப்பது பிள்ளைகள் தட்டில்தான் தெரியும்.

கார்டு விஷயத்தை இன்றைக்கே மனைவியிடம் சொல்லுங்கள். ஏன் நகையை இப்போது திருப்பக்கூடாது என்பதை 1,000-க்கும் 208-க்கும் உள்ள கணக்கைக் காட்டித்தான் சொல்ல முடியும், அதற்கு அவருக்கு முழுக்கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். கோபம் வரும், வரட்டும். தையல் கூலியை உருப்படி உருப்படியாகக் கணக்குப் பார்த்து வாங்குகிறவர் அவர். நோட்டை அவர் கையில் கொடுத்து எழுதச் சொல்லுங்கள்.