கொழும்பில் இருந்து நடத்தும் இணைய வானொலிக்கு நேயர் கூடக்கூட நட்டமும் கூடுவது ஏன்?

சேர்வர் வெள்ளவத்தையில் இருந்தாலும், நேயர் எந்த நாட்டில் இருந்து கேட்கிறாரோ அந்த நாட்டு ரோயல்டிதான் (பாட்டின் உரிமையாளருக்குக் கட்டும் பணம்) கணக்கு. அமெரிக்க நேயர்கள் இருந்தால் அங்கேதான் அடி விழும். அங்கே ஒலிப்பதிவுக்கான கட்டணம் உங்கள் வருமானத்தைப் பார்ப்பதில்லை. ஒரு பாட்டு ஒரு நேயருக்குப் போனால் ஒரு தடவை என்று எண்ணிக் கட்டணம் போடுவார்கள். பத்து விநாடி கேட்டுவிட்டுப் போனாலும் ஒரு தடவைதான்.

சந்தா இல்லாத வணிக நிலையங்களுக்கு 2021இல் தடவைக்கு 0.0021 டொலர், 2025இல் 0.0025. அற்பமாகத் தெரியும், பெருக்கிப் பாருங்கள்: சராசரி 100 நேயர், மணிக்கு 12 பாட்டு, மாதம் 720 மணித்தியாலம். 864,000 தடவை, 2025 வீதத்தில் 2,160 டொலர். ஒரு விளம்பரம்கூடக் கிடைக்காத மாதத்திலும் இதே தொகைதான். 2021 வீதத்தில் இது 1,814ஆக இருந்திருக்கும்.

சனல் ஒன்றுக்கு ஆண்டுக் குறைந்தபட்சக் கட்டணமும் 2021இல் 500இல் இருந்து 1,000 டொலர் ஆனது. பக்தி, இடைக்காலம், புதுசு என்று மூன்றாகப் பிரித்தால் அந்தக் கணக்கில் பாட்டுப் போட முன்னமே 3,000 டொலர். சிறு நிலையங்கள் வருமானத்தில் வீதமாகக் கட்டிய சலுகை 2015 முடிவோடு போனது. 2016 ஜனவரியில், சிறு நிலையங்கள் பல இயங்கிய லைவ்365 என்ற அமெரிக்க இணையத்தளம் மூடப்பட்டது, பிறகுதான் மீண்டது. அந்த நாட்டு எஃப்எம் நிலையங்கள் வானலையில் போடும் ஒலிப்பதிவுக்கு ஒரு சதமும் கட்டுவதில்லை. இது அநியாயம்.

முதலில் சேர்வர் லொக்கை (யார் எங்கிருந்து எவ்வளவு நேரம் கேட்டார் என்ற பதிவை) நாடுவாரியாகப் பிரியுங்கள். இரவு முழுக்க அறாத இணைப்புகள் தெரியும்: போனைத் தலைமாட்டில் பாடவிட்டு ஆள் உறங்கியிருப்பார். எட்டு மணித்தியாலத்தில் 96 தடவை, 2025 வீதத்தில் 24 சதம், ஒரு நேயருக்கு ஒரு இரவுக்கு. மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை "கேட்கிறீர்களா?" என்று கேட்டு, பதில் வராவிட்டால் துண்டியுங்கள். அறிவிப்பாளர் பேச்சைக் கூட்டி மணிக்கு 8 பாட்டு ஆக்கினால் 2,160 என்பது 1,440ஆக இறங்கும்.

தமிழ் நிலையங்கள் வழுக்கி விழும் இடம் இன்னொன்று. இசை நிறுவனங்களிடம் தனித்தனியே கேட்காமல் கட்டணம் கட்டிப் பாட்டுப் போட விடும் அமெரிக்கச் சட்ட உரிமத்தில், மூன்று மணித்தியாலத்துக்குள் ஒரே அல்பத்தில் 3 பாட்டு, ஒரே கலைஞரின் 4 பாட்டுத்தான் போடலாம். எஸ்.பி.பி. சிறப்பு இரவு என்று தொடர்ந்து போட்டால் உரிமத்துக்கு வெளியே போய்விடுவீர்கள். பிறகு ஒவ்வொரு இசை நிறுவனத்தோடும் நேரடியாகப் பேச வேண்டிவரும்.

இசையமைப்புக்கான கட்டணம் தனி. பணம் வாங்கும் அமைப்புகளும் தனித்தனி: பிரித்தானியாவுக்கு இசையமைப்புக்கு பிஆர்எஸ், ஒலிப்பதிவுக்கு பிபிஎல். கனடாவுக்கு அதே வரிசையில் சோகான், ரீசவுண்ட். கட்ட முடியாத நாட்டை ஐபி முகவரி பார்த்துத் தடுத்துவிடுங்கள், பாக்கி ஏறும் முன்னமே.