சொட்டும் இடமும் கசியும் இடமும்: பழைய இன்போர்டு எஞ்சின் ஆயில் லீக், கேள்வி பதில்

படகின் உள்ளே பொருத்திய (இன்போர்டு) எஞ்சினின் ஆயில் லீக் பற்றி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். பல கேள்விகளின் சாரம் ஒன்றுதான்: "பின்பக்க சீல் போய்விட்டது என்கிறார்கள், எஞ்சினைத் தூக்கலாமா?" பின்பக்க சீல், அதாவது ரியர் மெயின் சீல் என்பது கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் ஆயில் வெளியே வராமல் பிடிக்கும் வளையம். அதனால் முதல் பதில் நீளம். மற்றவர்களும் அதைப் படித்துவிட்டு உங்கள் கேள்விக்கு வாருங்கள்.

கேள்வி: அண்ணா, என்னுடையது 30 வருஷத்துக்கு மேலான நாலு சிலிண்டர் டீசல். பெல் ஹவுசிங் அடியில் கருப்பாக ஆயில் சொட்டுது. மெக்கானிக் எட்டிப் பார்த்ததும் ரியர் மெயின் சீல் என்று சொல்லிட்டார். எஞ்சினை வெளியே எடுக்கணுமாம். எடுத்துடலாமா?

இப்போதைக்கு எடுக்காதீர்கள். படகில் எஞ்சின் பெரும்பாலும் பின்பக்கம் சாய்ந்துதான் உட்கார்ந்திருக்கும். மேலே ராக்கர் கவரில் (வால்வுகளை மூடும் மேல் மூடி) கசிந்தாலும் ஆயில் பிளாக்கின் பின்சுவர் வழியாக இறங்கி, பெல் ஹவுசிங்கை (ஃபிளைவீலை மூடியிருக்கும் பின்பக்கக் கூடு) சுற்றி வந்து, அதன் அடிப்புள்ளியில்தான் சொட்டும். எங்கே கசிந்தாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும். சொட்டும் இடத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் பாதி நேரம் தப்பாகத்தான் போகும்.

முதல் வேலை, எஞ்சினைச் சுத்தம் செய்வது. பெயருக்குத் துடைப்பது போதாது. கிரீஸ் கரைக்கும் திரவம் அடித்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, பழைய அழுக்குப் படலம் மொத்தமும் போகும்வரை செய்யுங்கள். ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், ஏர் இன்டேக் மூன்றையும் பிளாஸ்டிக் பை கட்டி மூடிவிடுங்கள். வழியும் அழுக்குத் தண்ணீரைக் கீழே தட்டு வைத்துப் பிடியுங்கள், பில்ஜில், அதாவது படகின் அடிக்குழியில், விடாதீர்கள். நன்றாகக் காய்ந்த பிறகு சந்தேகமான இடங்களில் டால்கம் பவுடரைத் தூவுங்கள். அடியில் வெள்ளைக் காகிதத்தை முன்பக்கம், நடு, பின்பக்கம் என்று தனித்தனித் தாளாகப் பரப்பி வையுங்கள்.

அப்புறம் ஐட்லிங்கில் கால் மணி நேரம் ஓட்டுங்கள். டார்ச் அடித்துப் பாருங்கள், ஆனால் ஓடும் பெல்ட் பக்கம் கையோ தொங்கும் துணியோ போகக் கூடாது. பவுடரில் முதலில் ஈரமாகும் இடம்தான் வேண்டும். நிறைய இடம் நனைந்துவிட்டால் அதில் மிக உயரமான ஈரத்தைத் தேடுங்கள். அதற்கு மேலே காய்ந்திருந்தால் மூலம் அங்கேதான். ஐட்லிங்கில் ஒன்றும் தெரியாவிட்டால் படகைக் கடலுக்கு எடுத்துப் போய் லோடில் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். சூடும் பிரஷரும் ஏறினால்தான் சில கசிவுகள் வெளியே வரும். அதிலும் பிடிபடவில்லை என்றால் ஆயிலில் கலக்கும் ஒளிரும் சாயம் கிடைக்கிறது. கலந்து ஓட்டிவிட்டு, இருட்டில் புற ஊதா விளக்கு அடித்தால் கசியும் பாதை கோடு போல மின்னும்.

பின்பக்க சீலைக் குற்றம் சொல்லும் முன் பார்க்க வேண்டியவை: ராக்கர் கவரின் பின் மூலை, ஆயில் பிரஷர் சென்டர் (பிரஷரை அளந்து மீட்டருக்குச் சொல்லும் சென்சார்), ஆயில் ஃபில்டர் உட்காரும் இடம், ஆயில் கூலருக்குப் போகும் ஹோஸ் இணைப்புகள். வி8 எஞ்சின் என்றால் இன்டேக் மேனிஃபோல்டின் பின் விளிம்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்டரில் ஒயர் மாட்டும் முனை நனைந்திருந்தால் அதன் உள்ளே கிழிந்துவிட்டது என்று அர்த்தம். ஸ்பேனர் ஒன்று போதும், கொஞ்ச நேர வேலை. ஃபில்டரில் பழைய ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புதிய ஃபில்டரைத் திருகியிருப்பதும் அடிக்கடி நடப்பது. இரண்டு வளையம் இருந்தால் ஒருநாள் பிதுங்கிக்கொண்டு மொத்த ஆயிலும் கொட்டும்.

இதெல்லாம் காய்ந்திருந்தால் பெல் ஹவுசிங்கின் துளை வழியாக உள்ளே பாருங்கள். சீல் கசிந்தால் ஃபிளைவீல் ஆயிலை விசிறி அடித்து, உள்சுவரில் வட்டமாக ஈரம் இருக்கும். வெளியே நனைந்து உள்ளே காய்ந்திருந்தால் சீல் மேல் பழி இல்லை. உள்ளே ஈரமாகவே இருந்தாலும் சில எஞ்சின்களில் ஃபிளைவீலுக்குப் பின்னால் கேம் ஷாஃப்ட் பிளக்கும் ஆயில் கேலரி பிளக்குகளும் இருக்கின்றன. அவை கசிந்தாலும் பார்வைக்கு சீல் கசிவு மாதிரியேதான் தெரியும்.

கேள்வி: சீல் மாற்றி ஒரு சீசன்கூட ஆகலை, மறுபடியும் கசியுது. முன்பக்க சீலும் ராக்கர் கவரும்கூட ஈரம். எல்லாமே மட்டமான சாமானா?

சாமான் மேல் சந்தேகப்படும் முன் பிரீத்தரைப் பாருங்கள். ஒரே நேரத்தில் பல இடத்தில் கசிந்தால் கிராங்க் கேஸில் (கிராங்க் சுற்றும் கீழ்க் கூடு) பிரஷர் ஏறுகிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே இறங்குவது எந்த எஞ்சினிலும் உண்டு. அது பிரீத்தர் வழியாக வெளியேறியாக வேண்டும். அந்த ஹோஸ் மடங்கியிருந்தாலோ, உள்ளே இருக்கும் வலை ஆயில் பிசுக்கில் அடைத்திருந்தாலோ, வாயு சீல்களைத் தள்ளிக்கொண்டு ஆயிலோடு வெளியே வரும். எத்தனை சீல் மாற்றினாலும் நிற்காது.

ஐட்லிங்கில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, துளை மேல் தலைகீழாகச் சும்மா வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. தூக்கி எறிந்தால் பிரஷர் இருக்கிறது. அடுத்து பிரீத்தர் ஹோஸைக் கழற்றிவிட்டு, மூடியை மறுபடி அதே மாதிரி வையுங்கள். இப்போது அடங்கிவிட்டால் அடைப்பு ஹோஸில். அப்போதும் குப் குப் என்று அடித்தால் ரிங் தேய்ந்திருக்கிறது, கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள். அதில் ஒரு சிலிண்டரின் அளவை மட்டும் பார்க்காமல் சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசத்தைப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட நன்றாக இறங்கியிருந்தால் கோளாறு அதில்தான்.

கேள்வி: சார், என் படகில் ஓடும்போது சொட்டே இல்லை. நிறுத்தி வைத்த மறுநாள் காலையில் அடியில் குளம் கட்டி நிற்குது. இது எப்படி?

பழைய எஞ்சின்கள் சிலவற்றில் பின்பக்கம் இன்றைய ரப்பர் உதடு சீல் கிடையாது. கயிறு மாதிரித் திரித்த பேக்கிங் இருக்கும், அல்லது கிராங்க்கிலேயே மரை வெட்டியிருப்பார்கள். சுற்றும்போது அந்த மரை ஆயிலை உள்ளே திருப்பித் தள்ளும். நின்றுவிட்டால் அதற்கு வேலை இல்லை. அப்போது சம்ப்பில் (எஞ்சின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) ஆயில் மட்டம் அதிகமாக இருந்து எஞ்சினும் சாய்ந்திருந்தால் வெளியே நழுவும்.

எனவே முதலில் டிப் ஸ்டிக்கைச் சந்தேகப்படுங்கள். அதன் கோடு எஞ்சின் மட்டமாக இருப்பதாக நினைத்துப் போட்டதாக இருக்கலாம். உங்கள் எஞ்சின் 10 டிகிரியோ அதற்கு மேலோ சாய்ந்திருந்தால் அந்தக் கோடு பொய் சொல்லும். ஆயிலை முழுக்க எடுத்துவிட்டு, கையேட்டில் உங்கள் சாய்வுக்குச் சொன்ன அளவை லிட்டர் கணக்கில் அளந்து ஊற்றுங்கள். சம்ப்பில் இறங்க நேரம் கொடுத்து, டிப் ஸ்டிக்கில் நிற்கும் இடத்தில் புதிதாகக் கோடு போடுங்கள். இனி அதுதான் உங்கள் ஃபுல் மார்க்.

பெர்க்கின்ஸ் 4.108 மாதிரி ஆயில் சொட்டுவதற்கே பெயர்போன பழைய எஞ்சின் வைத்திருப்பவர்கள், முதலில் மட்டத்தையும் பிரீத்தரையும் சரிசெய்துவிட்டு அப்புறம் சீலைப் பற்றி யோசியுங்கள்.

கேள்வி: சொட்டுவது எஞ்சின் ஆயிலா, கியர் பாக்ஸ் ஆயிலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வெள்ளைத் துணியில் தொட்டுப் பாருங்கள். சிவப்பாக, மெல்லியதாக இருந்தால் ஏடிஎஃப், அதாவது கியர் பாக்ஸ். டீசல் எஞ்சின் ஆயில் கரி கலந்து கறுத்திருக்கும். ஆனால் சில படகு கியர் பாக்ஸ்களில் எஞ்சின் ஆயிலையே ஊற்றச் சொல்லியிருப்பார்கள். அப்போது நிறம் உதவாது. இரண்டு டிப் ஸ்டிக்கையும் ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் பார்த்து எது இறங்குகிறது என்று குறித்து வையுங்கள்.

கேள்வி: ஐயா, எனக்குத் தலைகீழ்ப் பிரச்சினை. கீழே சொட்டுது, ஆனால் டிப் ஸ்டிக்கில் மட்டம் ஏறுது!

எஞ்சினை ஓட்டாதீர்கள். இங்கே வந்திருக்கும் கேள்விகளில் அவசரமானது உங்களுடையதுதான்.

மட்டம் ஏறினால் ஆயிலில் ஏதோ கலக்கிறது. பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர். மெலிந்து டீசல் வாடை அடித்தால் ஃபீட் பம்ப்பின் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம், அல்லது இன்ஜெக்‌ஷன் பம்ப்பின் ஷாஃப்ட் சீல் போயிருக்கலாம். டீசல் கலந்த ஆயில் தண்ணீராக இளகி, இதுவரை கசியாத இடத்தில் எல்லாம் கசியும். பேரிங்கும் தேயும். அதைவிடப் பயங்கரம், மட்டம் மிக ஏறினால் எஞ்சின் தன் சம்ப் ஆயிலையே எரித்துக்கொண்டு தானாக வேகமெடுக்கும். ஸ்டாப் லீவரை இழுத்தாலும் நிற்காது. அப்படி ஆனால் காற்று உள்ளே போகும் வாயைப் பலகை வைத்து அடைப்பதுதான் வழி, கையை வைக்காதீர்கள்.

தண்ணீர் என்றால் கடல் தண்ணீர் பம்ப்பிலிருந்து ஆரம்பியுங்கள். கியரால் ஓடும் பம்ப்பில் இரண்டு சீல்களுக்கு நடுவே அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். அதில் தண்ணீர் சொட்டினால் தண்ணீர்ப் பக்க சீல் போச்சு, ஆயில் சொட்டினால் எஞ்சின் பக்க சீல் போச்சு. அந்தத் துளையைப் பெயின்ட் அடித்து அடைத்து வைத்திருக்கும் எஞ்சின்கள் உண்டு. அடைத்தால் வெளியே போக வேண்டிய தண்ணீர் நேராக ஆயிலுக்குள் போய்விடும். ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள்.

கேள்வி: பில்ஜில் ஒரு சொட்டும் இல்லை. ஆனால் ஆயில் குறையுது, சைலன்சர் தண்ணீர் விழும் இடத்தில் வானவில் மாதிரிப் படலம் தெரியுது.

ஆயில் கூலரைச் சந்தேகப்படுகிறேன். அதன் உள்ளே ஆயிலையும் கடல் தண்ணீரையும் பிரிப்பது மெல்லிய குழாய்ச் சுவர்தான். எஞ்சின் ஓடும்போது ஆயில் பிரஷர் தண்ணீர் பிரஷரைவிடப் பல மடங்கு. அதனால் ஓட்டை இருந்தால் ஆயில் தண்ணீருக்குள் போய், எக்ஸாஸ்ட் வழியாகக் கடலில் விழும். நிறுத்திய பிறகு அந்த பிரஷர் இல்லை. அப்போது தண்ணீர் ஆயிலுக்குள் வரலாம். கூலரைக் கழற்றி, ஒரு பக்கம் அடைத்து, தண்ணீரில் அமிழ்த்திக் குறைந்த பிரஷரில் காற்று விட்டால் குமிழி காட்டிக்கொடுக்கும். கியர் பாக்ஸ் கூலரில் இதே கோளாறு வந்தால் சிவப்பு ஆயில் இளஞ்சிவப்புக் கூழாகிவிடும். நீலப்புகையும் இருந்தால் மட்டும் ரிங், வால்வு பக்கம் யோசியுங்கள்.

கேள்வி: ராக்கர் கவர் பேக்கிங் எத்தனை தடவை மாற்றினாலும் நிற்கலை. நல்லா இறுக்கித்தான் வைக்கிறேன்.

இறுக்கியதுதான் காரணம், தம்பி. தகரக் கவரில் போல்ட் துளையைச் சுற்றி விளிம்பு உள்ளே குழிந்திருக்கும், இரண்டு போல்ட்டுக்கு நடுவே தூக்கிக்கொண்டு நிற்கும். கவரைத் தட்டையான கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள், வெளிச்சம் தெரியும். மரக்கட்டை மேல் வைத்துச் சின்ன சுத்தியலால் குழிகளைத் தட்டி நேராக்குங்கள். கார்க் பேக்கிங்கைக் கவர் பக்கம் மட்டும் ஒட்டி, போல்ட்டைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு மட்டும் முடுக்குங்கள். பேக்கிங் வெளியே பிதுங்கினால் அளவு தாண்டிவிட்டது.

கேள்வி: லீக் நிறுத்தும் மருந்து ஊற்றலாமா?

காய்ந்து கெட்டியான ரப்பர் சீலைக் கொஞ்சம் ஊறவைத்து உப்ப வைக்கும், அவ்வளவுதான். கிழிந்த சீலுக்கோ, கயிறு பேக்கிங்குக்கோ, ஹோஸுக்கோ அதனால் ஒன்றும் ஆகாது. சீசன் முடியும்வரை தாக்குப்பிடிக்க வேண்டுமானால் ஊற்றுங்கள். மூலம் தெரியாமல் ஊற்றுவது எனக்குப் பிடிக்காது.

கேள்வி: எவ்வளவு கசிந்தால் பொறுத்துக்கொள்ளலாம்?

அளந்து பாருங்கள். 10 விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் மணிக்கு 360 சொட்டு. மில்லிக்குச் சுமார் 20 சொட்டு என்று வைத்தால் 18 மில்லி. 50 மணி நேரத்தில் கிட்டத்தட்ட ஒரு லிட்டர். அந்த அளவுக்குப் பழைய எஞ்சின் உடனே நின்றுவிடாது. ஆனால் அந்த ஆயில் எதன் மேல் விழுகிறது என்பது முக்கியம். எஞ்சின் மவுண்ட் ரப்பரில் விழுந்தால் ரப்பர் இளகி எஞ்சின் இறங்கும், புரொப்பெல்லர் ஷாஃப்ட் அலைன்மென்ட் கெடும். பெல்ட்டில் பட்டால் வழுக்கும். சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் மேல் பட்டால் தீ அபாயம், அது ஒரு சொட்டானாலும் பொறுக்க முடியாது. பிரஷர் ஆயில் ஓடும் ஹோஸ் வியர்த்த மாதிரி இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். அது வெடித்தால் கொஞ்ச நேரத்தில் சம்ப் காலி.

கேள்வி: பில்ஜில் சேர்ந்த ஆயில் தண்ணீரில் சோப்பு ஊற்றி பம்ப் பண்ணிடலாமா?

கூடவே கூடாது. சோப்பு ஆயிலை அழிப்பதில்லை, உடைத்துத் தண்ணீரோடு கலந்து விடுகிறது. கண்ணுக்குத் தெரியாது, மீனுக்குத் தெரியும். கப்பல்கள் வெளியேற்றும் பில்ஜ் தண்ணீருக்கு மார்போல் (கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் சர்வதேச ஒப்பந்தம்) வைத்திருக்கும் வரம்பே 15 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 15 பங்கு. எஞ்சினுக்கு அடியில் தட்டு வையுங்கள், ஆயிலை மட்டும் உறிஞ்சும் பேட் போடுங்கள். லீக் சரியாகும்வரை தானியங்கி பில்ஜ் பம்ப் கக்குவது என்ன என்று அடிக்கடி கண்ணால் பாருங்கள். அதற்காக பம்ப்பை அணைத்துவிட்டுப் போய்விடாதீர்கள், படகு முழுகும்.

கேள்வி: எல்லாம் பார்த்தாச்சு, பின்பக்க சீல்தான், எஞ்சின் வெளியே வரப்போகுது. கூடவே என்னென்ன பண்ணணும்?

முதலில் கிராங்க்கில் சீல் உட்காரும் இடத்தை நகத்தால் தடவுங்கள். நகம் மாட்டும் அளவு பள்ளம் இருந்தால் புது சீலும் கசியும். அந்த இடத்துக்கு மெல்லிய ஸ்லீவ் போடலாம், அல்லது இடம் இருந்தால் சீலைச் சற்று முன்பின் தள்ளி உட்கார வைக்கலாம். ஷெவர்லே ஸ்மால் பிளாக் வகையில் 1986க்கு முந்தைய வடிவத்தில் இரண்டு துண்டு சீல், அதற்குப் பின் வந்ததில் ஒரே துண்டு. எது என்று பார்த்து வாங்குங்கள்.

கியர் பாக்ஸ் இன்புட் சீல், கேம் பிளக், சம்ப் பேக்கிங், டேம்பர் பிளேட் (எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே அதிர்வைத் தாங்கும் தட்டு), மவுண்ட்கள் இவற்றையும் இப்போதே முடியுங்கள். சம்ப்பின் அடியைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துப் பாருங்கள். பில்ஜ் தண்ணீர் பட்டுப் பட்டு இரும்பு சம்ப் ஊசித்துளையாக அரித்திருக்கும், எஞ்சின் உள்ளே இருக்கும்போது அது கண்ணில் படாது.

திரும்ப இறக்கியதும் அலைன்மென்ட்டைக் கரையில் தோராயமாக வையுங்கள். கடைசி அளவைப் படகு தண்ணீரில் ஒரு நாளாவது கிடந்த பிறகு எடுங்கள், ஏனென்றால் தண்ணீரில் இறங்கியதும் படகின் உடல் கொஞ்சம் வளையும். கியர் பாக்ஸையும் ஷாஃப்ட்டையும் இணைக்கும் கப்ளிங்கின் இரண்டு முகத்துக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டு மேல், கீழ், இரு பக்கம் என நான்கு இடத்தில் பாருங்கள். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள கப்ளிங்கில் வித்தியாசம் 0.1 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது.