பேட்டரி ஐகான் காணோமா? லினக்ஸை மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டாம்

கேள்வி: லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட், சினமன் டெஸ்க்டாப் வைத்திருக்கிறேன். போன வாரம் அப்டேட் செய்து ரீஸ்டார்ட் செய்ததிலிருந்து, கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருந்த பேட்டரி ஐகானைக் காணோம். மறுபடி இன்ஸ்டால் செய்தால்தான் சரியாகும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. ஐகான் திரும்பும்வரை சார்ஜரை மாட்டியே வேலை செய்யுங்கள். சார்ஜ் வழக்கமாக 2 சதவீதத்துக்கு இறங்கியதும் லேப்டாப்பைப் பத்திரமாக அணைக்கச் சொல்வது, பின்னணியில் ஓடும் யுபவர் என்ற சேவை. பேட்டரி அதன் கண்ணில் படாவிட்டால் எச்சரிக்கையே வராது. சேமிக்காத வேலையோடு லேப்டாப் பொசுக்கென்று அணைந்துவிடும்.

பேட்டரியின் அளவை முதலில் படிப்பது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல். அதனிடமிருந்து யுபவர் வாங்குகிறது. யுபவர் சொல்வதைத்தான் பேனலில் (கடிகாரம் இருக்கும் பட்டை) உள்ள ஆப்லெட் என்ற சின்ன நிரல் ஐகானாகக் காட்டுகிறது. இதில் எது பழுதானாலும் வெளியே தெரிவது ஒன்றுதான்: ஐகான் இல்லை. எங்கே அறுந்தது என்று தெரியாமல் எதிலும் கை வைக்காதீர்கள்.

கட்டளைகளை அடிக்கும் டெர்மினலைத் திறந்து யுபவர் (upower) என்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் சேர்த்து அடியுங்கள். ஓர் இடைவெளி, ஒரு கழித்தல் குறி, அதை ஒட்டி 'டி' (upower -d), பிறகு என்டர். நீளமாக ஒரு பட்டியல் ஓடும். அதில் 'பேட்டரி பேட் 0' (battery_BAT0) அல்லது 'பேட் 1' என்று ஒரு பகுதி வந்து, கீழே சதவீதமும் தெரிந்தால் நிம்மதி. காணாமல் போனது ஐகான் மட்டும்தான். கன்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள்; திறந்த விண்டோக்கள் அப்படியே இருக்க, சினமன் மட்டும் புதிதாகத் தொடங்கும். அப்படியும் வரவில்லை என்றால் பேனலில் வலது கிளிக் செய்து, ஆப்லெட்ஸ் பட்டியலில் பவர் மேனேஜரைச் சேருங்கள்.

பட்டியலே வராமல் பிழைச்செய்தி வந்தால் யுபவர் ஓடவில்லை. டெர்மினலில் 'சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் யுபவர்' (sudo systemctl restart upower) கட்டளை போதும், அது மறுபடி ஓடத் தொடங்கும்.

பட்டியலில் சார்ஜர் இருக்கிறது, பேட்டரி மட்டும் இல்லை என்றால்தான் கொஞ்சம் வேலை. கெர்னலுக்கே பேட்டரி தெரியவில்லை. நீங்கள் அப்டேட்டுக்குப் பிறகு என்று சொல்வதால் என் முதல் சந்தேகம் புதிய கெர்னல் மேல்தான். லேப்டாப் தொடங்கும்போது எஸ்கேப் விசையைத் தட்டி, எதில் தொடங்குவது என்று கேட்கும் க்ரப் மெனுவை வரவழையுங்கள். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குள் பழைய கெர்னல் இருக்கும், அதில் நுழைந்து பாருங்கள். ஐகான் திரும்பினால், அடுத்த கெர்னல் அப்டேட் வரும்வரை அதிலேயே இருக்கலாம்.

அதுவும் உதவவில்லையா? பேட்டரியோடு பேசுவது மதர்போர்டில் உள்ள எம்பெடட் கன்ட்ரோலர் என்ற சின்ன சிப். சாதாரண ரீஸ்டார்ட்டில் அதற்கு மின்சாரம் நிற்பதில்லை, அதனால் மாட்டிக்கொண்டால் மாட்டிக்கொண்டபடியே கிடக்கும். லேப்டாப்பை முழுதாக அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, கழற்றக்கூடிய பேட்டரி என்றால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி விடாமல் அழுத்துங்கள். அப்புறம் எல்லாவற்றையும் மாட்டித் தொடங்குங்கள். செலவில்லாத வைத்தியம், பலமுறை கைகொடுத்திருக்கிறது.

கடைசியாக, லினக்ஸ் தொடங்கும் முன்பே திறக்கக்கூடிய லேப்டாப்பின் அமைப்புத் திரையான பயாஸைப் பாருங்கள். அங்கேயும் பேட்டரி தெரியவில்லை என்றால் பேட்டரியோ அதன் கனெக்டரோ போயிருக்கிறது. மறுபடி இன்ஸ்டால் செய்தாலும் வராது. டச்பேட் மேலெழும்பியிருந்தால் பேட்டரி உப்பிவிட்டது என்று அர்த்தம். உடனே சார்ஜரை எடுத்துவிட்டு, நீங்களே திறக்காமல் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோங்கள்.