வழக்கைக் கேட்டுக் குற்றவாளியா இல்லையா என்று சொல்லும் பொதுமக்கள் குழுதான் ஜூரி. அதற்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது கேட்கும் கேள்விகளே ஜூரர்களின் மனதை மாற்றிவிடுமா?

மாற்றும். அதிலும் மரண தண்டனை கேட்கப்படும் வழக்குகளில் நன்றாகவே மாற்றும்.

நான் சேலம் அஸ்தம்பட்டி நீதிமன்றத்தில் கிரிமினல் பக்கம் வக்கீல். இங்கே 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு ஜூரி போய்விட்டது. அதனால் அமெரிக்காவில் நடப்பதை நம்மூர் ஆட்களை வைத்துச் சொல்கிறேன். செவ்வாய்ப்பேட்டை மண்டிக்காரர், அம்மாபேட்டை தறிக்காரர், ஏற்காடு காப்பி எஸ்டேட் மேஸ்திரி எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு சாட்சிகூட இன்னும் கூண்டேறவில்லை. அதற்குள் நீதிபதி கேட்கிறார்: "கொலை நிரூபணமானால் மரண தண்டனைக்கு ஓட்டுப் போட உங்களால் முடியுமா?" எந்த வழக்கிலும் முடியாது என்ற மேஸ்திரியை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். மிச்சம் இருப்பவர்களுக்கு என்ன தோன்றும்? செய்தவன் இவன்தான், தண்டனைதான் பாக்கி என்றுதானே? பெண்ணைப் பார்க்கும் முன்பே மண்டபம் பேசுகிற கதை.

கிரெய்க் ஹேனி என்ற உளவியலாளர் இதைச் சோதித்துப் பார்த்தார், 1984-ல் வெளியிட்டார். ஜூரி தேர்வு வீடியோ ஒன்றை இரண்டு குழுக்களுக்குக் காட்டினார். ஒரு குழுவுக்கு மட்டும் மரண தண்டனைக் கேள்விகளும் இருந்தன. அந்தக் குழுதான் குற்றவாளி என்ற பக்கம் அதிகம் சாய்ந்தது. நீதிபதியே அப்படித்தான் நினைக்கிறார் என்றும் அவர்களுக்குப் பட்டது. எனக்கு உறுத்துவது இந்த இரண்டாவது விஷயம்தான்.

கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1980-லேயே இதை உணர்ந்து, அந்தக் கேள்விகளை ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்கச் சொன்னது. 1990-ல் மக்கள் வாக்கெடுப்பில் வந்த சட்டம் அதை மாற்றிவிட்டது. இதற்கிடையே 1986-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும், இப்படி வடிகட்டுவது அரசியலமைப்புக்கு விரோதமில்லை என்று முடித்துவிட்டது.

குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீலும் சும்மா இருப்பதில்லை. "என் கட்சிக்காரர் கூண்டேறிப் பேசாவிட்டால் அதையே குற்றத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்வீர்களா?" என்று கேட்டு, ஊரறிய "மாட்டேன்" என்று சொல்ல வைப்பார். வாக்குக் கொடுத்தவர் ஜூரர்கள் கதவை மூடிக்கொண்டு தீர்ப்பைப் பேசும்போதும் அதைக் கொஞ்சம் யோசிப்பார் என்ற நம்பிக்கை. பொதுவாக "பாரபட்சம் இல்லாமல் இருப்பீர்களா?" என்று கேட்பதில் எனக்கு மதிப்பில்லை. நீதிபதி முகத்துக்கு நேராக யார்தான் இல்லை என்பார்கள்?

நம் செஷன்ஸ் கோர்ட்டில் குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் தண்டனை பற்றிக் கேட்பார்கள். பழைய 1973 சட்டத்தில் பிரிவு 235(2), அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) பிரிவு 258(2). அந்த வரிசை சரி என்பேன். அப்புறம், நீதிபதியும் காலையில் பேப்பர் படித்துவிட்டுத்தான் வருகிறார், அது வேறு விவகாரம்.