பாசடீனாவில் வேலை சரி, வீடு வேண்டாம்

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்காகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நன்னிலத்திலிருந்து அமெரிக்காவில் ஹூஸ்டன் பக்கத்துப் பாசடீனாவுக்கு, சுத்திகரிப்பு ஆலை வேலைக்குப் போகிறீர்கள். மனைவியும் மூன்று வயது மகளும் கூட வருகிறார்கள். ஆலையை ஒட்டிய தெருக்களில் வாடகை மலிவு. “அடியக்கமங்கலத்து எண்ணெய்க் கிணறுகளைப் பார்த்தே வளர்ந்தவன், அங்கே மட்டும் புதிதாக என்ன வந்துவிடும்?” என்று கேட்கிறீர்கள்.

வேலைக்குத் தாராளமாகப் போங்கள். வீடு மட்டும் அங்கே பார்க்காதீர்கள்.

நானும் திருவாரூர்க்காரன்தான். பாசடீனாவை ஒட்டிப் போகிற ஹூஸ்டன் கப்பல் கால்வாய்க் கரை ஆலைகளில் உழைத்துத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். இப்போது லீவுக்கு ஊர் வந்திருக்கிறேன். இங்கே உட்கார்ந்து யோசித்தால் உங்கள் கேள்வி நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் நம்மூர் சங்கதி வேறு. இங்கே பெரும்பாலும் மண்ணுக்கடியிலிருந்து எண்ணெயும் வாயுவும் எடுப்பது, குழாயில் அனுப்புவது. அதிலும் தொல்லை இல்லாமலா? 2017 ஜூன் 30-ல் கதிராமங்கலத்தில் குழாய் கசிந்ததும் ஊரே திரண்டதும் உங்களுக்கே தெரியும்.

அங்கே கால்வாயின் இரு கரையிலும் மைல் கணக்காகச் சுத்திகரிப்பு ஆலை, ரசாயன ஆலை, எண்ணெயும் ரசாயனமும் சேமிக்கிற தொட்டி வளாகம் என்று வரிசைகட்டி நிற்கும். பென்சீன், பியூட்டாடையீன் என்கிற ரசாயனங்கள் எல்லாம் டன் கணக்கில் கைமாறுகிற இடம். இவை இரண்டையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. பென்சீன் கைவைப்பது எலும்பு மஜ்ஜையில். ரத்தம் ஊறுவதே அங்கேதானே, அதனால்தான் ரத்தப் புற்றுநோய் பற்றிய பயம்.

டெக்சாஸ் பல்கலைக்கழகப் பொதுச் சுகாதாரப் பள்ளியின் ஆய்வு ஒன்று 2007-ல் வந்தது. கால்வாயிலிருந்து 2 மைலுக்குள் வாழும் குழந்தைகளுக்கு, 10 மைலுக்கு அப்பால் வாழ்பவர்களைவிட ஒரு வகை ரத்தப் புற்றுநோய் 56 சதவீதம் கூடுதலாக இருந்தது என்றது. குழந்தைகளுக்கு அது அரிதாக வரும் நோய், எனவே பயந்து சாக வேண்டாம். ஆலைதான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபித்துவிடவும் இல்லை. ஆனாலும் வாடகையில் கொஞ்சம் டாலர் மிச்சம் பிடிக்க நான் என் பிள்ளையை அந்த 2 மைலுக்குள் கொண்டுபோய் வைக்க மாட்டேன்.

உங்களுக்கு சட்டைப்பையில் கேஸ் மீட்டர் இருக்கும், முகமூடி இருக்கும், பென்சீனுக்கு 8 மணி நேர சராசரியாகப் பத்து லட்சத்தில் 1 பங்கு என்று சட்ட வரம்பும் இருக்கும். ஷிப்ட் முடிந்தால் வெளியே வந்துவிடுவீர்கள். வீட்டில் இருக்கிற மகளுக்கு ஷிப்ட் கிடையாது, மீட்டரும் கிடையாது. ஆஸ்துமா இருக்கிற குழந்தை என்றால் இன்னும் கஷ்டம். கோடை மதிய வெயிலில் அந்தப் புகை ஓசோனாக மாறி நெஞ்சை இழுக்கும்.

“நாற்றம் வந்தால் ஜன்னலைச் சாத்திக்கொள்வோம்” என்றும் எழுதியிருந்தீர்கள். மூக்கை நம்பவே நம்பாதீர்கள். பென்சீன் லேசான இனிப்பு வாசனை. அது மூக்குக்கு எட்டும்போதே நான் சொன்ன வரம்பைத் தாண்டியிருக்கும். ஹைட்ரஜன் சல்பைடு அழுகின முட்டை நாற்றம். ஆனால் அளவு ஏற ஏற மூக்கையே மரத்துப்போக வைத்துவிடும். நாற்றம் நின்றுவிட்டதென்று நிம்மதியாக மூச்சை இழுத்தவர்கள் செத்திருக்கிறார்கள்.

2019 மார்ச் 17-ல் பக்கத்து டீர் பார்க்கில் தொட்டி வளாகம் ஒன்று பற்றியது. மூன்று நாள் கரும்புகை. 20-ஆம் தேதி தீயை அணைத்தார்கள், எல்லோரும் அப்பாடா என்றார்கள். மறுநாள் காலையில்தான் காற்றில் பென்சீன் ஏறியது என்று சொல்லி, ஊரை வீட்டுக்குள் இருக்கச் சொன்னார்கள், பள்ளிகளை மூடினார்கள்.

அந்த டீர் பார்க்கில் சனிக்கிழமை மதியம் 12 மணிக்குச் சைரனைச் சோதனைக்காக ஊதுவார்கள். முதல் வாரம் பதறாதீர்கள். பள்ளிக்கூடங்களில் வாலி என்று ஒரு ஆமை வேடம் வரும். ஆபத்து என்றால் ஓட்டுக்குள் போய்விடு என்று பிள்ளைகளுக்குப் பாடமே அதுதான். உள்ளே போ, கதவு ஜன்னலைச் சாத்து, ஏசியை நிறுத்து. ஆமையை வைத்துப் பாடம் நடத்த வேண்டிய ஊர் எப்படிப்பட்டது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எங்கே வீடு பார்ப்பது? நம்மூரில் வாடை எப்போது, கொண்டல் எப்போது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கேயும் அதைத்தான் பார்க்க வேண்டும். வருடத்தில் பெரும்பகுதி தென்கிழக்கிலிருந்து கடல்காற்று, அப்போது புகை கால்வாய்க்கு வடக்கிலும் மேற்கிலும் போகும். குளிர்காலத்தில் வடக்குக் காற்று இறங்கினால் தென்கரைப் பாசடீனாவுக்கே திரும்பும். பியர்லாந்து பக்கம் பாருங்கள். மீனாட்சி கோயில் இருக்கிறது, நம் ஆட்கள் நிறைய, காரில் வேலைக்குப் போகிற தூரம்தான். சுத்திகரிப்பு ஆலைகளின் வேலியோரத்தில் பென்சீன் அளந்து வெளியிட வேண்டும் என்று 2015-லிருந்து மத்திய அரசு விதி இருக்கிறது. ஆண்டு சராசரி கன மீட்டருக்கு 9 மைக்ரோகிராமைத் தாண்டினால் ஆலை காரணம் தேடிச் சரிசெய்தாக வேண்டும். நீங்கள் சேரப்போகும் ஆலையின் பென்சீன் அளவையும் தேடிப் பாருங்கள்.

வேலை உடுப்பை ஆலையிலேயே கழற்றிவிட்டுக் குளித்துவிட்டு வாருங்கள், மகள் துணியோடு போட்டுத் துவைக்காதீர்கள். வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் முகவரியை எனக்கு அனுப்புங்கள். பொங்கல் முடிந்து நான் திரும்பிவிடுவேன், ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.